கல்லூரி நூல்நிலையமும் தோட்டத்து வாசகரும்

விழா மலரொன்றை விரித்தால், கல்லூரியின் வளர்ச்சியைத் தொகை வகையாகக் காட்டும் பக்கங்கள் முன்னிற்கக் காண்கிறோம். மண்டபங்கள் இத்தனை, வகுப்பறைகள் இத்தனை, பரிசில் பெற்றோர் இத்தனை பேர் என்னும் அவ்வரிசையில் நூல்நிலையமும் ஓரிடம் பெறும். அலமாரிகளின் தொகையும் நூல்களின் தொகையும் அங்கே குறிக்கப்படும். அத்தொகைகள் பொய்யல்ல. ஆயினும் அவை நூல்நிலையத்தின் உடைமையைக் காட்டுவனவேயன்றி அதன் தொண்டைக் காட்டுவனவல்ல. வைத்தியசாலையின் பெருமையை அதன் கட்டில்களை எண்ணி எவரும் அளப்பதில்லை. நலம்பெற்று வீடு திரும்பினோரைக் கொண்டே அளப்பர். நூல்நிலையத்துக்கும் அளவை அதுவே. நூலைத் தேடி வந்தவர் எத்தனை பேர்? தேடி வர இயலாதவரை நூல் தேடிச் சென்றது எத்தனை முறை? இவையே கேட்கத்தக்க வினாக்கள்.

இவற்றுள் இரண்டாவது வினாவையே இங்கு ஆராயப் புகுகின்றோம். பொதுப்படப் பேசின் எல்லாரும் உடன்பட்டு எல்லாரும் மறந்துவிடுவர். ஆதலின் ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவ்வூர் தெஹியோவிட்ட.

முன்னோர் காட்டிய வழி

கல்விக்கூடத்து நூல்நிலையம் தன் மதிலுக்கு வெளியே செல்லவேண்டும் என்பது புதிய கொள்கையன்று. 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 1878இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமும் பிற ஊர்களுக்கு விரிவுரையாளரை அனுப்பத் தொடங்கின. விரிவுரை முடிந்து ஆசிரியர் புகைவண்டி ஏறிவிட்டால், கேட்டோர் எதைக் கொண்டு மேலே கற்பது என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாக, விரிவுரையாளரோடு நூற்பெட்டிகளும் செல்லும் வழக்கம் ஒக்ஸ்போர்ட்டில் ஏற்பட்டது. அமெரிக்காவில் நியூயோர்க் அரச நூல்நிலையத்தின் தலைவராயிருந்த மெல்வில் தூயி, 1893இல் நூறு நூறு நூல்கள் கொண்ட பெட்டிகளைச் சிற்றூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார். நூல்களைப் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பகுத்து எண்ணிடும் முறையை 1876இல் வெளியிட்டவரும் அவரே. பகுப்பைக் கண்டவரே பெட்டியையும் அனுப்பினார் என்பது கருதத்தக்கது. நூலக நுட்பமும் நூலகத் தொண்டும் ஒரே கையின் இரு விரல்கள்.

தமிழகத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே வளர்த்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். இலண்டன் சென்று பயின்று, அங்குள்ள பல நூல்நிலையங்களின் நடைமுறையை நேரிற் கண்டு மீண்ட பின்னர், பூட்டிய அலமாரிகளைத் திறந்துவைத்தார். நூல்நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம் யாவரும் அறிந்ததே. நூல் வைத்திருப்பதற்கன்று, பயன்படுவதற்கு. ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகன் உண்டு. அவ்விருவரையும் சேர்த்துவைப்பதே நூலகன் பணி. அதே 1931ஆம் ஆண்டில், அவர் முன்னின்று வளர்த்த சென்னை நூல்நிலையச் சங்கத்தின் ஊக்கத்தால் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூல்நிலையம் ஒன்று புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியியலாளரின் முயற்சி அது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிச் சென்ற வண்டித் தடத்தில் நூல்கள் ஏறிச் சென்றன.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் பெருங் கட்டடத்தில் பிறந்ததன்று. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்திலேயே நூல்களை வைத்து இரவல் கொடுத்த முயற்சியில் அது முளைத்தது. 1959இல் திறக்கப்பட்ட அழகிய கட்டடம், கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாசகரைத் திரட்டிய பின்னர் எழுந்தது. 1981இல் அந்நூல்நிலையம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டபோது தமிழுலகம் முழுவதும் நெஞ்சம் பதைத்தமைக்குக் காரணம், அது முதலில் வாசகரையும் பின்னரே சுவர்களையும் பெற்றிருந்தமையே. மீண்டும் அது எழுந்தமைக்கும் காரணம் அதுவே.

தெஹியோவிட்ட என்னும் ஊர்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டைக்குச் செல்லும் பாதையில், களனிப் பள்ளத்தாக்கில் அமைந்தது தெஹியோவிட்ட. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஒரு கல்வி வலயத்தின் தலைமையிடமுமாகும். சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். 1876இல் ஹேனரத்கொடையில் நாற்றாக வந்திறங்கிய இறப்பர் மரம், பின்னர் இப்பள்ளத்தாக்கின் சரிவுகளை மூடிக்கொண்டது. அம்மரங்களோடு, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் இங்கே வேரூன்றின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தாலும் அம்மக்கள் பட்ட அலைக்கழிவு இங்கு விரித்துரைக்க வேண்டாதது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கீழ் வந்தமையோ 1970களிலும் அதன் பின்னருமேயாம்.

மத்திய மலைநாட்டில் தமிழர் அடர்ந்து வாழ்கின்றனர். சபரகமுவவின் தோட்டங்களிலோ அவர்கள் சிங்களக் கிராமங்களின் இடையே சிறு சிறு திட்டுக்களாகச் சிதறி வாழ்கின்றனர். ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே குன்றும் ஓடையும் கிடக்கும். தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாகாணத்தில் மிகச் சிலவே. மாகாணத்துக்கெனச் சபரகமுவப் பல்கலைக்கழகம் பெலிகுல்லோயாவில் இயங்கி வருகின்றது. ஆயினும் தெஹியோவிட்டத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து அப்படியேறும் மாணவன், பெரும்பாலும் தன் குடும்பத்தில் முதல்வன். நூற்பட்டியலின் முன் நின்று நூலொன்றைத் தேடியெடுக்கும் பயிற்சியை எங்கும் பெறாதவன். அறிவிற் குறைந்தவன் அல்லன், வழி காட்டப்படாதவன். முதலாண்டிலேயே அவன் பின்தங்குவானாயின் அக்குறை அவனுடையதன்று. அவனைச் சென்றடையாத நூல்நிலையங்களினுடையது.

நூல்நிலையம் அவனை அடையாமைக்குத் தூரம் ஒன்றே காரணமன்று. வேளையும் காரணம். பால்வெட்டுத் தொழில் விடியற்காலையில் தொடங்குவது. அப்பொழுதே மரம் நன்கு பால் சுரக்கும். மாலையில் பட்டணத்து வாசிகசாலை மூடும் முன் அங்குச் சென்று மீள்வது தொழிலாளிக்கும் அவர் பிள்ளைக்கும் எளிதன்று. மழை பெய்யும் நாளில் பால் வெட்ட இயலாது. அன்று ஓய்வு உண்டு, கூலி இல்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. வாசிக்க நேரம் வாய்க்கும் நாளே வாசிகசாலைக்குச் செல்ல இயலாத நாளாகின்றது. இதனை அறிந்த நூலகர், திறக்கும் நேரத்தை நீட்டுவதோடு அமையார். நூலை லயத்துக்கே அனுப்புவார்.

பெட்டியைக் கட்டும் கலை

நூல்களை ஒரு பெட்டியில் இட்டு அனுப்பிவிட்டால் தொண்டு முடிந்தது என்று எண்ணுதல் தவறு. எந்தப் பெட்டி, யாருக்கு, எவ்வாறு, எவர் கையில் என்ற வினாக்களே நூலகத் தொழிலின் உயிர்நிலை.

முதலாவது தெரிவு. நன்கொடையாக வரும் நூல்களிற் பல, கொடுப்போர் வீட்டில் இடத்தை அடைத்தவை. பாடத்திட்டம் மாறியபின் பயனிழந்தவை. அவற்றை ஏற்று அடுக்குவது கொடையாளிக்கு மனநிறைவு தரும். வாசகனுக்கு எதுவும் தராது. தோட்டத்துப் பெட்டியில் நடைமுறைப் பாடத்திட்டத்துக்கு இயைந்த நூல்களும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி அகராதிகளும், சிறுவர் நூல்களும் இருத்தல் வேண்டும். அம்மக்களின் வாழ்வையே பொருளாகக் கொண்ட எழுத்தும் இருத்தல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப், சாரல் நாடன் ஆகியோரின் படைப்புக்கள் இல்லாத பெட்டி, வீட்டுக்காரர் முகம் தெரியாத கண்ணாடியை ஒக்கும். தன் பாட்டன் பாட்டி வாழ்ந்த வாழ்வு அச்சேறிய எழுத்தாகக் கிடைத்தல் கண்ட பிள்ளை, ஏனைய நூல்களும் தனக்குரியன என்று துணிவான்.

இரண்டாவது பகுப்பு. நம் நாட்டு நூல்நிலையங்கள் பல தூயியின் தசமப் பகுப்பையே கையாளுகின்றன. அம்முறையில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சமயத்துக்குரிய 200ஆம் பிரிவில், 220 முதல் 280 வரையுள்ள இடம் கிறித்துவ சமயத்துக்கு அளிக்கப்பட, இந்து சமயம் முழுவதும் 294.5 என்னும் ஓர் எண்ணின் கீழ் அடக்கப்பட்டது. திருமுறையும் சித்தாந்த சாத்திரமும் புராணமும் நிறைந்த இந்துக் கல்லூரி நூல்நிலையத்தில் இஃது எத்துணை நெருக்கடி தரும் என்பதை நூலகர் அறிவர். அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டமைக்கு, பிறர் வகுத்த கூடுகளில் நம் அறிவு முழுவதும் அடங்காது என்ற உணர்வும் ஒரு காரணம் எனலாம். எம்முறையைக் கைக்கொண்டாலும், வாசகனுக்கு எண் புரியவேண்டும் என்பதில்லை. நூலின் இடம் புரியவேண்டும். பெட்டிக்குள் எண்ணோடு வண்ணத்தாளும் ஒட்டி, கதைக்கு ஒரு நிறம், கணிதத்துக்கு ஒரு நிறம் என அமைத்தால் எட்டு வயதுப் பிள்ளையும் தானே நூலை எடுத்துத் தானே மீள வைப்பாள்.

பெயரும் ஆளும்

மூன்றாவது பட்டியல். நூலகக் கலையின் நுண்மை இங்கேதான் வெளிப்படும். மேனாட்டார் பெயரில் குடும்பப் பெயர் இறுதியில் நிற்கும். பட்டியலில் அது முன்னே வரும். தமிழர் பெயரிலோ தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்க, ஆளின் பெயரே இறுதியில் நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் தந்தையின் பெயரிலே மகனின் நூலைப் பதிந்துவிடுவர். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆறுமுகம் என்னும் ஒரே பெயர் மூவகையாக எழுதப்படும். மூன்றும் பட்டியலில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். இதற்கு நூலகர் கண்ட மருந்து, ஒரு வடிவத்தை நிலையாகக் கொண்டு ஏனைய வடிவங்களின்கீழ் ‘காண்க’ என்று ஓர் அட்டை இடுதல். பெயர்கள் பலவானாலும் ஆள் ஒருவர் என்பதை அவ்வட்டை நிலைநாட்டும்.

இஃது ஏதோ அலமாரிக்குள் அடங்கிய நுணுக்கம் என்று கருதற்க. தோட்டங்களில் செக்ரோல் என்னும் பெயரேட்டில் தொழிலாளரின் பெயரை இலிகிதர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதிவந்தனர். பிறப்புச் சான்றில் ஒரு வடிவம், அடையாள அட்டையில் ஒரு வடிவம், 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியின் ஏட்டில் மற்றொரு வடிவம் என ஒரே மனிதர் மூவராகிவிடுதல் உண்டு. வாழ்நாள் முழுவதும் உழைத்தவர், முதுமையில் தம் பணத்தைப் பெற முயலும்போது, தாம் தாமே என்று மெய்ப்பிக்க வேண்டியவராகின்றார்.

அத்தகைய வீட்டிலிருந்து பிள்ளையொன்று வந்து, ‘ஐயா, சட்டப் புத்தகம் இருக்கிறதா?’ என்று கேட்பதாகக் கொள்வோம். பயிற்சியற்றவர், இல்லை என்று கூறி அனுப்பிவிடுவார். பயின்ற நூலகர், ‘எதற்காகத் தம்பி?’ என்று மெல்ல வினவுவார். கேட்ட கேள்விக்குப் பின்னே நிற்கும் கேள்வியை அறிவதே உசாத்துணைப் பணியின் முதற்படி. விடை, பாட்டனாரின் சேமலாப நிதிப் பத்திரமாக இருக்கலாம். அப்போது எந்த அலுவலகத்துக்கு, எந்தப் பத்திரத்துடன், எந்த மொழியில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தேடிக் கொடுப்பதும் நூலகப் பணியே. பெயர் வேறுபாட்டைத் தீர்க்கும் அறிவு கல்லூரிப் பட்டியலுக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு லயத்துக்கும் வேண்டும். ஏட்டுக் கலை எளியவர்க்கு உதவுவது இங்ஙனமே.

மழையும் இழப்பும்

நான்காவது பேணல். தென்மேல் பருவமழை பொழியும் மாதங்களில் இப்பகுதியின் ஈரம் காகிதத்துக்குப் பகை. பூஞ்சணம் படரும், இராமபாணப் பூச்சி ஓட்டையிடும், கறையான் ஏறும். இறுக மூடிய தகரப் பெட்டியில் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காற்றுப் புகும் துளைகளுடைய மரப்பெட்டியை நிலத்திலும் சுவரிலும் படாதவாறு உயர்த்தி வைத்தல் நன்று. நனைந்த நூலை வெயிலில் இடாது, நிழலில் காற்றாட விரித்து உலர்த்துதல் வேண்டும். கேகாலை மாவட்டம் மண்சரிவையும் அறிந்தது. 2016 மே மாதத்தில் அரநாயக்கையில் நேர்ந்த துயர் மறக்கற்பாலதன்று. ஆதலின் பெட்டி தங்கும் இடத்தைத் தெரியும்போதும் சரிவின் அடியைத் தவிர்த்தல் வேண்டும். பட்டியலின் ஒரு பிரதி கல்லூரியிலேயே இருத்தல் வேண்டும்.

‘வெளியே அனுப்பினால் நூல்கள் தொலையுமே’ என்று அஞ்சுவோர் உளர். தொலையும், சில கிழியவும் செய்யும். பூட்டிய அலமாரியில் ஒரு நூலும் தொலையாது. ஆயின் அங்கே எல்லா நூல்களும் வாசகனுக்குத் தொலைந்தனவே. அரங்கநாதன் அலமாரிகளைத் திறந்தபோதும் இவ்வச்சம் இருந்தது. இழப்பை ஏட்டில் ஒழுங்காகப் பதிந்து, ஆண்டுதோறும் எண்ணி, ஈடுசெய்தற்கு வரவு செலவில் ஒரு சிறு பகுதி ஒதுக்குதலே நெறி. கடைக்காரர் எலிக்கு அஞ்சி நெல் வாங்காதிருப்பதில்லை.

‘கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் பெட்டி எதற்கு?’ என்பது மற்றொரு தடை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், ஆவணங்கள் பலவற்றை மின்வடிவில் யாவர்க்கும் இலவசமாக அளித்து வருகின்றது. அது பெரும்பேறு. ஆயினும் அங்கும் தேடத் தெரிந்தவனே அடைவான். பெயரின் எழுத்து வேறுபட்டால் அங்கும் நூல் மறையும். கருவி புதியதானாலும் வழிகாட்டும் ஆளின் தேவை பழையதே. பெட்டியோடு செல்பவர், நூல் கொடுப்பதோடு தேடும் முறையையும் கற்பித்தாரானால், பெட்டி செல்லாத நாளிலும் பிள்ளை கற்பான்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

கல்லூரி விழா வரும்போது பழைய மாணவர் உள்ளம் நெகிழ்ந்து வழங்குவர். வழங்குவது பெரும்பாலும் கல்லாகவே அமைகின்றது. வளைவு, கோபுரம், பெயர் பொறித்த மண்டபம் என்பன எழும். அவை வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆனால், கல்லுக்குக் கொடுத்தது நிற்கும். ஆளுக்குக் கொடுத்தது நடக்கும். அரங்கநாதன் தம் முதுமையில் தம் சேமிப்பிலிருந்து ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தபோது, அதைக் கட்டடமாக்கக் கேட்டாரில்லை. தம் துணைவியார் சாரதையின் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவியொன்றை நிறுவச் செய்தார். நூல்நிலையத்துக்காகவே வாழ்ந்த ஒருவர், நூல்நிலையத்துக்கு முதலில் வேண்டுவது யாது என்பதைத் தம் கொடையாலேயே கூறிவிட்டார்.

நம் நாட்டில் நூலகப் பயிற்சிக்கு வழி இல்லாமலில்லை. 1960இல் தோன்றிய நூலகச் சங்கம் வகுப்புக்கள் நடாத்தி வருகின்றது. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகமும் ஏற்பட்டது. அங்குப் பயில ஒரு தோட்டத்து இளைஞனுக்கோ யுவதிக்கோ உதவிப்பணம் அளிப்பின், அவர் மீண்டு வந்து தம் மக்களின் மொழியும் வேளையும் வழக்கும் அறிந்த நூலகராக நிற்பார். அவருக்கு மாதவூதியம் தடையின்றிக் கிடைக்க ஒரு நிதி, பெட்டிகள் நான்கு, அவற்றை ஏற்றிச் செல்ல ஒரு முச்சக்கர வண்டியின் வாடகை. தொடங்குவதற்கு இவ்வளவே போதும். ஒரு பெட்டி ஒரு தோட்டத்தில் ஆறு வாரம் தங்கி அடுத்த தோட்டத்துக்கு மாறுமாயின், நான்கு பெட்டிகளால் நான்கு தோட்டங்களும் ஆறு மாதத்துக்குள் நான்கையும் வாசித்துவிடும்.

இதனை அறக்கொடை என்று கூற நாம் விரும்பவில்லை. கொடுப்பவர் உயர்ந்தும் கொள்பவர் தாழ்ந்தும் நிற்கும் நிலை நூல்நிலையத்தில் இல்லை. பேராசிரியருக்கும் பால்வெட்டுவோர் மகளுக்கும் ஒரே அட்டை, ஒரே தவணை, ஒரே மரியாதை. எந்தத் தோட்டத்தின் உழைப்பால் இந்நாட்டின் கருவூலம் நிறைந்ததோ, அத்தோட்டத்தார்க்கு அந்நாட்டின் கல்விக்கூடங்கள் கடன்பட்டுள்ளன. கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு ஈகை என்று பெயர் சூட்டுதல் முறையாகாது.

அடுத்த விழா மலர் வெளிவரும்போது நூல்நிலையத்தைப் பற்றிய பக்கத்தில் நூல்களின் தொகையோடு வேறொரு தொகையும் அச்சேறுமாக. தெஹியோவிட்டத் தோட்டங்களுக்குச் சென்ற பெட்டிகள் இத்தனை. அங்கே நூலெடுத்தோர் இத்தனை பேர். தொலைந்த நூல்கள் இத்தனை. மூன்றாவது தொகையையும் மறையாது அச்சிடுவோம். மழையில் நனைந்தும் கைபட்டுத் தேய்ந்தும் மீளும் நூல்களே நம் கல்லூரிக்குப் பெருமை தருவன.